மகளின் இரவுகளை முதலில் மீட்டல்: கிளிநொச்சியில் மறதிநோயுள்ள தாயும் அவரைப் பராமரித்த மகளும் – ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் சமூக உளநலப் பணியில் இருப்பவர்களுக்காகவும், மறதிநோயுள்ள பெரியவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களுக்காகவும் இது எழுதப்படுகிறது. குடும்பத்தினரை இனங்காண முடியாதபடி சில விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன. 2023 நடுப்பகுதியில் தொடங்கி 2025 தொடக்கம்வரை நடந்தவை இங்கே உள்ளன.

பின்னணி

தாயாருக்கு அப்போது 74 வயது. ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். கணவர் போருக்கு முன்பே இறந்துவிட்டார். இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் ஒரு குடியேற்றக் கிராமத்தில் வயலும் தோட்டமும் செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். 2008 பிற்பகுதியில் இடம்பெயர்ந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்த குடும்பம், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்தது. கடைசி மகன் அந்த நாட்களில் காணாமல் போனார். செட்டிகுளம் முகாமில் இருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பினார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்துக்கு மகனின் படத்தோடு போய் இருந்த தாய்மாரில் இவரும் ஒருவர்.

அவரைப் பார்த்துவந்தவர் 46 வயதான இரண்டாவது மகள். இவரது கணவர் 2009 இல் ஷெல்லடியில் இறந்தார். அப்போது கைக்குழந்தையாக இருந்த பெண்பிள்ளைக்கு 2023 இல் 15 வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். மூவரும் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டறை வீட்டில் இருந்தார்கள். வருமானம் மகளின் தையலும், இடையிடையே களைபிடுங்கும் கூலியும். நுண்கடன் ஒன்றும் இருந்தது. மூத்த மகன் குடும்பத்தோடு வவுனியாவில். மூத்த மகள் கனடாவில். மாதாமாதம் பணம் அனுப்புவார், இரண்டு நாளுக்கொரு தரம் தொலைபேசியில் கதைப்பார்.

எப்படித் தெரியவந்தது

மாதாந்த உளநலக் கிளினிக்குக்கு வந்தவர் தாயார் அல்ல, மகள். தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை என்று சொன்னார். இரத்த அழுத்தம் 160/100. தாயைப் பற்றி அவராக ஒரு சொல்லும் சொல்லவில்லை. “இரவில எத்தனை தரம் எழும்புறீங்கள் அக்கா?” என்று கேட்டபோதுதான் விடயம் வெளியே வந்தது. நாலைந்து தரம் எழும்புவதாகவும், இரண்டு மணிக்குப் பிறகு நித்திரையே இல்லை என்றும் சொன்னார். இந்தக் கேள்வியை 40 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களிடமும் கேட்பது நல்லது. எங்கள் ஊர்களில் பெரியவர்களைப் பார்ப்பதை யாரும் ஒரு வேலையாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும்.

“அம்மாவுக்கு அறளை பேந்திட்டுது, அதுக்கு மருந்திருக்கோ?” என்பதே அவருடைய அடுத்த கேள்வி. அந்த வாரத்திலேயே வீட்டுக்குப் போவதென்று முடிவானது.

வீட்டில் கண்டவை

மறதி ஏறத்தாழ மூன்று வருடங்களாக இருந்தது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், உலையை வைத்துவிட்டு மறத்தல், காசை ஒளித்துவிட்டு மகள் களவெடுத்ததாகச் சொல்லுதல் என்று மெல்ல மெல்ல வளர்ந்தது. தோடு காணாமல் போன பிரச்சினையில் மகள் அயலவர் முன் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கிறார். தோடு பிறகு அரிசி வாளிக்குள் கிடந்தது. ஆனால் கதை ஊரில் அப்படியே நின்றுவிட்டது.

ஐந்தாம் வகுப்புவரை படித்தவரிடம் திகதியையும் ஆண்டையும் கேட்டு மதிப்பிடுவதில் பயன் குறைவு. பத்து வருடத்துக்கு முன் செய்தவற்றில் இப்போது எவை முடியவில்லை என்று மகளிடம் கேட்கப்பட்டது. தேங்காய் துருவுவார், புட்டு அவிக்க மாட்டார், மாவைக் குழைத்துவிட்டு நின்றுவிடுவார். மீதிக் காசு கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. காலபோகமா சிறுபோகமா என்று சொல்லத் தெரியவில்லை. வயல் செய்த ஒருவருக்கு இது பெரிய இழப்பு.

ஆனால் கடைசி இரண்டு வாரங்களில் நடந்தது வேறு. பகலில் தூங்கி வழிந்தார். இரவில் யன்னலடியில் ஆட்கள் நிற்பதாகக் கத்தினார். ஒரு மணித்தியாலம் தெளிவு, அடுத்த மணித்தியாலம் ஆளையே தெரியாது. கிழமை நாட்களைப் பின்னுக்கிருந்து சொல்லச் சொன்னபோது இரண்டாவது நாளிலேயே நூல் அறுந்தது. மறதிநோய் மாதக்கணக்கில் கூடும். நாட்கணக்கில் கூடினால் அதற்கு மேல் வேறொன்று ஏறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதைத் தேடினால் சங்கிலியாக வந்தது.

தாயார் படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியதால், மகள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியிருந்தார். வெயில் காலம். சிறுநீர் கடும் மஞ்சளாகி எரிவு வந்தது, தொற்று ஏற்பட்டது. எரிவால் அவர் இரவில் எழும்பினார். அவரை நித்திரையாக்க யாரோ சொன்னபடி பாமசியில் பிரிட்டன் 4 மி.கி. வாங்கி இரவில் இரண்டு குளிசை கொடுக்கப்பட்டது. தடிமனுக்குக் கொடுக்கும் சின்ன மஞ்சள் குளிசைதானே என்று யாருக்கும் பயமில்லை. முதியவர்களில் அது சிறுநீரை அடைக்கும், மலத்தை இறுக்கும், வாயை உலர்த்தும், மூளையைக் குழப்பும். தாயார் ஐந்து நாளாக மலம் கழித்திருக்கவில்லை. குழப்பம் கூடக் கூடக் குளிசையும் தொடர்ந்தது.

இன்னும் சில இருந்தன. நீரிழிவுக் குளிசைகளைத் தாயாரே பையிலிருந்து எடுத்துப் போட்டுவந்தார். மறந்து இரண்டு தரம் போட்ட நாட்களும் உண்டு. சீனி குறைந்து தடுமாறுவதும் மறதிபோலவே தெரியும். இரு காதிலும் குறும்பி அடைத்திருந்தது. “சொன்னது விளங்கேல்ல” என்று எல்லோரும் முடிவெடுத்திருந்ததில் ஒரு பங்கு, கேட்காததே.

மகளின் நிலை தனியாக மதிப்பிடப்பட்டது. பராமரிப்பாளரின் சுமையை அளக்கும் சரிட் அளவீட்டில் 22 கேள்விகள். ஆகக் கூடிய மொத்தப் புள்ளி 88. 61இலிருந்து கடும் சுமை. மகள் அதற்கு மேல் நின்றார். கேள்விகளை வாசித்துப் புள்ளியிடச் சொல்லாமல், அவர் தைத்துக்கொண்டிருக்கும்போது கதையாகக் கேட்டதால்தான் உண்மையான பதில்கள் கிடைத்தன. அந்தக் கதையின் நடுவில்தான், இரவில் தாயின் காலைச் சேலைத்துண்டால் கட்டிலோடு கட்டுவதையும், ஒரு முறை கன்னத்தில் அடித்ததையும் அழுதுகொண்டு சொன்னார். அதற்குப் போதனை எதுவும் சொல்லப்படவில்லை. கட்டினால் இழுத்து விழுவார், ஒரே பக்கம் படுத்துப் புண் வரும், சிறுநீருக்கு எழும்ப முடியாது. ஆகவே வேறு வழி பார்ப்போம் என்று மட்டும் பேசப்பட்டது. கண்டித்திருந்தால் அடுத்த முறை அவர் மறைத்திருப்பார். தாயாரின் பாதுகாப்புக்கு அது இன்னும் ஆபத்து.

மாலை நான்கு மணி

குடும்பத்தை ஆகக் கூடுதலாக ஆட்டிய பிரச்சினை இது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தாயார் உடுப்புகளைத் துணியில் மூட்டை கட்டுவார். “என்ன பிள்ளை, வெளிக்கிடேல்லையோ? ஷெல் வருது” என்று படலையடிக்குப் போவார். மறித்தால் அடிப்பார். இருட்டில் வாய்க்காலடி, பாம்பு, கட்டு உயரமில்லாத கிணறு. மகளும் பேத்தியும் மாறி மாறிக் காவல் நின்றார்கள்.

பேத்தியிடம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி கொடுக்கப்பட்டு, ஏழு நாட்களுக்கு நான்கு விடயம் மட்டும் எழுதச் சொல்லப்பட்டது: நேரம், அதற்கு முன் நடந்தது, அம்மம்மா செய்தது, எது கொஞ்சமாவது அடக்கியது. கொப்பியை வாசித்தபோது ஒழுங்கொன்று தெரிந்தது. மத்தியானம் படுக்காத நாட்களில் மோசம். சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போகாத நாட்களில் மோசம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சத்தம்: அது சோளகக் காற்று பலக்கும் மாதம், குசினிக் கூரையின் ஒரு தகரம் ஆணி கழன்று படபடவென்று அடித்தது. பக்கத்து வளவில் லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) இயக்கும் நேரமும் அதுதான். வீட்டாருக்கு அது கேட்டுப் பழகிய சத்தம். தாயாருக்கு அது வேறு சத்தம்.

தகரம் அன்றே ஆணியடித்துக் கட்டப்பட்டது. லான்ட்மாஸ்டர்காரர் சொன்னவுடன் நேரத்தை மாற்றிக்கொண்டார். ஐந்தரைக்கு முதல் எல்லா லைற்றும் போடப்பட்டது. யன்னலுக்கு வெளியே கொடியில் தொங்கிய உடுப்புகள் இருளில் ஆட்களாய்த் தெரிந்ததால் கொடி பின்பக்கம் மாற்றப்பட்டது. யன்னலுக்குத் தடித்த சீலை போடப்பட்டது.

மறிப்பது நிறுத்தப்பட்டது. நாலு மணிக்கு அவர் கேட்க முதலே “வாங்கோ அம்மா, செருப்பைப் போடுங்கோ, நானும் வாறன்” என்று மூட்டையோடு கூட்டிப் போய், வாய்க்கால் கட்டால் அம்மன் கோயில்வரை நடந்து, திருநீறு பூசி, ஐந்து மணிக்குள் திரும்பும் ஒழுங்கு வந்தது. திரும்பி வரும்போது “வந்திட்டம், இனிப் பயமில்லை” என்று சொல்வது முக்கியம். போர் முடிந்துவிட்டது என்று விளக்கினால் அவர் நம்பவில்லை; வந்து சேர்ந்துவிட்டோம் என்றால் நம்பினார். ஓட வேண்டும் என்ற பயத்துக்குப் பதில் போய்ச் சேர்வதுதான்.

இரவுக்கு மெத்தை நிலத்தில் இறக்கப்பட்டது. கதவில் ஆட்டுக்குக் கட்டும் மணி தொங்கவிடப்பட்டது. கதவுக் கொளுக்கி அவர் தேடாத இடத்தில், கீழே முழங்கால் உயரத்துக்கு மாற்றப்பட்டது. பூட்டுப் போடப்படவில்லை, தீப்பிடித்தால் திறக்க முடியாது. கிணற்றுக்குக் கம்பிவலை மூடி செய்வித்தது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்.

மருத்துவ முடிவுகள்

முதலில் பிரிட்டன் நிறுத்தப்பட்டது. சிறுநீர்த் தொற்றுக்கு மருந்தும் மலம் இளக மருந்தும் தொடங்கின. நாளுக்கு ஒன்றேகால் லீற்றர் தண்ணீர், பெரும்பகுதி பின்னேரம் ஐந்துக்கு முன். ஒரு போத்தலில் அளந்து வைத்து, தண்ணீர் என்று சொல்லாமல் கஞ்சி, சொதி, இளநீர் என்று சேர்த்துக் கணக்கிடப்பட்டது. குளிசைப் பை மகளின் கைக்கு மாறியது. வைத்தியர் நீரிழிவு மருந்தைக் குறைத்தார். இந்த வயதில் சீனி கொஞ்சம் கூட நிற்பதைவிடச் சட்டென்று இறங்குவது ஆபத்து. நீரிழிவுக்கான மெட்போமின் பல வருடம் எடுத்தவர் என்பதாலும் சிவப்பணுக்கள் பருத்திருந்ததாலும் பி12 ஊசி போடப்பட்டது. கால் விறைப்புக் குறைந்தது, மறதி மாறவில்லை. மாறாமல் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் மகள் உடைந்து போகவில்லை. தைரொயிட் சோதனை சரியாக இருந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் எடுத்த சி.ரி. ஸ்கானில் மூளைச் சுருக்கமும் பழைய சிறு இரத்தக்கட்டு அடைப்புகளும் தெரிந்தன. பயணம் விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் திரும்பும்படி ஒழுங்குபடுத்தப்பட்டது. மறதிநோய்க்கான டொனெப்பெசில் குளிசை கொடுப்பது பற்றி யோசிக்கப்பட்டது. அது நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது; தாயாரின் துடிப்பு ஏற்கெனவே 50ஐ ஒட்டி இருந்ததால் வைத்தியர் வேண்டாம் என்றார்.

மகள் கேட்டது நித்திரைக் குளிசை. அவரது நித்திரையின்மை அவசரப் பிரச்சினை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தாயை மயக்கத்தில் போட்டு மகளை நித்திரையாக்கினால், தாய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மகளுக்கு இன்னும் பெரிய சுமை வரும். மனக்குழப்பத்துக்கான மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களில் பாரிசவாதத்துக்கும் இறப்புக்குமான வாய்ப்பைக் கூட்டும். ஆகவே வேறொருவரின் இரவுகளைத் தேடுவது என்று முடிவானது.

இரவுகளைப் பங்கிடுதல்

கனடாவில் இருந்த மூத்த மகள் “அம்மா என்னோட நல்லாத்தானே கதைக்கிறா, நீதான் அவவை விசராக்கிறாய்” என்று சொல்லிவந்தார். அவர் பொய் சொல்லவில்லை. பத்து நிமிடம் பழகிய குரலோடு கதைக்க மறதிநோயுள்ளவரால் நன்றாகவே முடியும். அவரை நம்பவைக்க விளக்கம் உதவவில்லை. அதற்குப் பதில், மூன்று நாள் தொடர்ந்து இங்கே பின்னேரம் நாலரையில் இருந்து ஆறுமணிவரை வீடியோ அழைப்பில் இருக்கும்படி கேட்கப்பட்டார். ரொறன்ரோவில் அப்போது காலை ஏழு மணி. கைத்தொலைபேசியை அலுமாரி மேல் சாத்திவைத்துவிட்டு மகள் தன் வேலையைச் செய்தார். இரண்டாம் நாள் அக்கா அழுதார். மூன்றாம் நாள் குடும்பக் கூட்டத்துக்குச் சம்மதித்தார்.

வவுனியா மகனும் கனடா மகளும் தொலைபேசியில், தங்கையும் அயல்வீட்டு மாமியும் விறாந்தையில். “எல்லாரும் உதவவேணும்” என்று பேசினால் கூட்டம் நல்ல சொல்லோடு முடிந்துவிடும். எனவே மணித்தியாலங்கள் மட்டும் பேசப்பட்டன. மகன் ஒன்றுவிட்ட வெள்ளி, சனி இரவுகளில் வந்து தாயோடு படுப்பார். அந்த இரு இரவும் தங்கை அயல்வீட்டில் படுப்பார், ஏனெனில் அதே வீட்டில் படுத்தால் மணிச் சத்தத்துக்கு எழும்பிவிடுவார். அயல்வீட்டு மாமி கிழமையில் மூன்று பின்னேரம், இரண்டிலிருந்து ஆறுவரை இருப்பார்; அதற்குக் கனடா மகள் மாதச் சம்பளம் கொடுப்பார். மாமி “இதுக்குப் போய்க் காசோ” என்று மறுத்தார். சம்பளம் இல்லாவிட்டால் மூன்றாம் கிழமை வராமல் விட்டாலும் யாரும் கேட்க முடியாது என்று எடுத்துச் சொன்ன பின் ஏற்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் பராமரிப்பாளர்களுக்காக வெளியிட்ட ஐசப்போர்ட் கைநூலில் உள்ள பாடங்களில் சில வாய்மொழியாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஒரு வருகைக்கு ஒரு விடயம். அதற்கு மேல் சொன்னால் எதுவும் நிற்காது. நாள் முழுக்க வேலை செய்த ஒருவரிடம் கைநூலை நீட்டுவது ஆதரவாகாது.

“தம்பி வந்தவனோ?”

எந்தக் கைநூலிலும் விடையில்லாத கேள்வி இது. காணாமல் போன கடைசி மகனைப் பற்றி நாளுக்குப் பல தரம் தாயார் கேட்பார். வீட்டில் மூன்று பதில்கள் பாவனையில் இருந்தன. “காணேல்ல அம்மா” என்றால் அன்றுதான் கேள்விப்பட்டதுபோல் நெஞ்சிலடித்து அழுவார். ஒரு மணித்தியாலத்தில் மறப்பார், திரும்பக் கேட்பார். “வருவான்” என்றால் படலையடியில் விடியும்வரை நிற்பார். கனடா மகள் சொல்லச் சொன்ன “செத்துப்போனான்” என்பதை இந்த மகளால் சொல்ல முடியவில்லை. அவருக்கும் அது தெரியாது. தம்பியைத் தானும் தேடிக்கொண்டிருப்பவர். தாய் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவர் தன் காயத்தையே தொட்டுப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இறந்தவரைப் பற்றிய கேள்விக்கென்று வேறிடங்களில் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே இங்கே வைக்க முடியாது.

சில முயற்சிகளுக்குப் பின் நின்ற வழி: செய்திக்குப் பதில் சொல்லாமல் ஏக்கத்துக்குப் பதில் சொல்லுதல். “தம்பியை நினைக்கிறியளோ அம்மா? அவனுக்கு என்ன கறி விருப்பம்?” என்று தொடங்கினால் தாயார் கணவாய்க் கறியில் தொடங்கி, அவன் குளத்தில் நீந்தப் பழகியது, சைக்கிளில் விழுந்தது என்று போவார். அழுகை வந்தாலும் அது கதையோடு சேர்ந்த அழுகை, தணியும். இரண்டாவது ஒழுங்கு மகளுக்கானது. முடியாத நாளில் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. பேத்தியோ மாமியோ எடுத்துக்கொள்வார்கள். அவர் கிணத்தடிக்குப் போய்விடலாம்.

மகனின் படத்தை எடுத்து ஒளிக்கும்படி சிலர் சொன்னார்கள். ஒரு நாள் எடுத்தபோது தாயார் வீடு முழுக்கத் தேடினார். திரும்ப வைக்கப்பட்டது, ஆனால் வாசல் சுவரில் அல்ல, படுக்கையருகே. படத்தோடு கதைப்பதற்காக வாசலில் நிற்பது அதோடு குறைந்தது.

நாளாந்த வேலைகள்

குளிப்பாட்டல் பெரிய சண்டையாக இருந்தது. திறந்த கிணத்தடியில், தலையில் முதலில் பச்சைத் தண்ணீர். அது பின்னேரத்தில் இருந்து காலை பதினொரு மணிக்கு மாற்றப்பட்டது. இளஞ்சூட்டு நீர், இருக்கச் செய்து காலில் தொடங்கி மேலே, தலை கடைசி, அதுவும் கிழமைக்கு ஒரு தரம். குறுக்குக்கட்டு அவிழ்க்கப்படவில்லை. கோப்பை அவர் கையிலும் ஒன்று கொடுக்கப்பட்டது. கிணத்தடியைச் சுற்றிக் கிடுகு மறைப்பு வந்ததும் திட்டுவது பெரும்பாலும் நின்றது. அவர் மறுத்தது குளிப்பை அல்ல, ஊர் பார்க்கக் குளிப்பதை.

மலசலகூடம் வீட்டில் இருந்து இருபது மீற்றர் தள்ளி. இரவுக்குப் பிளாஸ்ரிக் கதிரையில் துளை வெட்டி, வெட்டிய விளிம்பில் சைக்கிள் ரியூப் சுற்றி, கீழே வாளி வைத்துக் கொமட் செய்யப்பட்டது. முதற் கதிரை சீமெந்துத் தரையில் கால் விரிந்து சாய்ந்தது. அப்படித் துளை வெட்டிய ஒரே அளவான இரண்டு கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, முதுகுப்பக்கம் சுவரோடு அணைத்து வைத்தபின் உறுதியாக நின்றது. எழும்பியவுடன், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும், படுக்க முன்னும், இடையில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரமும் கூட்டிப் போவதால் பகலில் நனைவது அரிதானது. பம்பேர்ஸ் விலை கூட; இரவுக்கு ஒன்று மட்டும், மற்ற நேரம் பழைய பருத்திச் சேலை மடிப்பு.

பிறகு நடந்தவை

பிரிட்டன் நின்று பத்து நாளளவில் இரவு உருவங்கள் பெரும்பாலும் மறைந்தன. காது சுத்தம் செய்த பின் கத்திக் கதைப்பது குறைந்தது. மகளின் இரத்த அழுத்தம் மருந்தோடு மூன்றாம் மாதத்தில் கட்டுக்குள் வந்தது. சுமைப் புள்ளி கடும் எல்லையிலிருந்து இறங்கி 41க்கும் 60க்கும் இடையில் நின்றது. அதற்குக் கீழே அது ஒருபோதும் போகவில்லை.

ஒக்ரோபரில் மாரி இடிமுழக்கம் தொடங்கியது. “பங்கருக்குள்ள வாங்கோ” என்று தாயார் பேத்தியைக் கட்டிலுக்குக் கீழே இழுப்பார். பேத்தி ஒரு நாள் தானும் கூடவே புகுந்து, போர்வை போர்த்துத் தேவாரம் பாடினார். அது வேலை செய்தது, வழக்கமாயிற்று. ஆனால் குளிப்பாட்டும்போதும் உடுப்பு மாற்றும்போதும் அடிப்பது கூடியது. மருந்து கேட்பதற்கு முன் வலி பார்க்கப்பட்டது: முழங்கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. பரசிற்றமோல் 500 மி.கி. நாளுக்கு மூன்று தரம், கேட்டால் அல்ல நேரத்துக்கு, இரண்டு கிழமை. அடிப்பது பாதியாகக் குறைந்தது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் கையால்தான் சொல்வார்.

நவம்பர் இறுதியில் ஓரிரவு பேத்தியை ஆமிக்காரன் என்று நினைத்து விறகுக்கட்டையால் அடித்தார். பிள்ளையின் நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. அப்போது ஆபத்துகளைக் குடும்பத்துக்குச் சொல்லி, மேலே சொன்ன மனக்குழப்ப மருந்துகளில் ஒன்றான ரிஸ்பெரிடோன் இரவில் 0.5 மி.கி. தொடங்கப்பட்டது. 1 மி.கி. குளிசையைப் பாதியாக்க வேண்டும். பிளேட்டால் வெட்டினால் பொடியாகிச் சரிபாதி வராது, எனவே வைத்தியசாலையிலேயே வெட்டி வாங்கப்பட்டது. ஆறாம் கிழமை மீளாய்வில் அடிப்பது இல்லை, ஆனால் நடை இறுகி ஒரு தரம் விழுந்திருந்தார். படிப்படியாகக் குறைத்து பத்தாம் கிழமையில் நிறுத்தப்பட்டது. அடிப்பது அந்த அளவில் திரும்பவில்லை.

2024 பெப்ரவரி, மார்ச்சில் ஒழுங்கு உடைந்தது. காலபோக அறுவடை, மகன் வரவில்லை, மாமியும் வயலுக்குப் போய்விட்டார். மகள் திரும்பவும் தனியே. ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் தாயார் வெளியே போய்விட்டார். கதவு நிலை கறையானால் இற்று, மணி கழற்றி வைக்கப்பட்டிருந்தது. சந்திக் கடைக்காரருக்கும் ஓட்டோக்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததாலும், சட்டையின் உட்பக்கம் தொலைபேசி இலக்கம் தைத்த துணி இருந்ததாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் மதகடியில் கண்டு ஓட்டோவில் கொண்டுவந்தார்கள்.

மே மாதத்தில் பேத்தி பரீட்சை எழுதினார். அந்த நாட்களில் மாமன் வவுனியாவில் இருந்து வந்து தங்கினார்.

2024 இன் பிற்பகுதியில் தாயார் நடையிழந்தார். விழுங்கும்போது புரையேறத் தொடங்கியது. நிமிர்த்தி இருத்தி, தடித்த கஞ்சியைச் சின்னக் கரண்டியால் கொடுத்து, சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்கவிடாமல் பார்த்தார்கள். மூக்கால் குழாய் போடுவதா என்ற கேள்வி வந்தபோது, இந்த நிலையில் குழாய் நியூமோனியாவைத் தடுப்பதில்லை, ஆயுளையும் நீட்டுவதில்லை, பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்ட வேண்டி வரும் என்று விளக்கப்பட்டது. கட்டுவதில்லை என்று மூன்று பிள்ளைகளும் சொன்னார்கள். 2025 தொடக்கத்தில் நியூமோனியாவால் வீட்டில் இறந்தார்.

அந்தியேட்டிக்குப் பிறகும் மகளைப் பார்ப்பது தொடர்ந்தது. இரண்டு மணிக்கு விழிப்பது பல மாதம் நிற்கவில்லை. அடித்த அந்த ஒரு அடியைப் பற்றித்தான் அவர் திரும்பத் திரும்பக் கதைத்தார். தையல் வேலை முழுநாளாகத் தொடங்கியுள்ளது. அம்மாவை நினைத்து அழுவதா, தம்பியை நினைத்து அழுவதா என்று பிரிக்க முடியவில்லை என்கிறார். அந்தத் துணை இன்னும் தேவைப்படுகிறது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

காது, கண், மலம், சிறுநீர், வலி, மருந்துப் பை ஆகிய ஆறையும் முதல் வருகையிலேயே பார்த்து முடிக்க வேண்டும். முழங்கால் வலி ஐந்தாம் மாதம்வரை காத்திருந்திருக்கக் கூடாது.

ஓய்வு ஒழுங்கை வேளாண்மைக் காலத்தோடு வைத்தே போட வேண்டும். வன்னியில் விதைப்பும் அறுவடையும் வரும்போது எல்லோருடைய வாக்கும் வயலுக்குப் போய்விடும். அந்த மாதங்களுக்கு வயல் இல்லாத ஒருவரை, ஓய்வுபெற்றவரையோ கோயில் தொண்டரையோ, முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

பேத்தி கொப்பி எழுதியவராகவும் இரவுக் காவலாகவும் இருந்தார்; அவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கப்பட்டது நெற்றியில் தையல் போட்ட பின்தான். இப்படியான வீடுகளில் பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியாக இருத்திப் பேசும் வேளையொன்று முதல் மாதத்திலேயே வேண்டும். படிப்பு நேரம் காவல் அட்டவணைக்கு வெளியே நிற்க வேண்டும்.

காணி உத்தரவுப்பத்திரம் தாயாரின் பெயரில் இருந்தது, பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணிக்கு உரியவர்) பதியப்படவில்லை. குடும்பம் அதைப் பேசத் தொடங்கியபோது தாயாருக்கு எந்தக் காணி, யாருக்கு என்று விளங்கிச் சொல்லும் நிலை இல்லை. பார்த்துவந்த மகளும் அவர் பிள்ளையும் அந்த வளவில் இருக்கிறார்கள். விடயம் சகோதரர்களிடையே இன்னும் தீரவில்லை. மறதி உறுதியானவுடன், தெளிவு இன்னும் இருக்கும் ஆரம்ப காலத்திலேயே, காலை வேளையொன்றில் கிராம அலுவலருக்கு அறிவித்து, பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு அவரைக் கூட்டிப் போய், அவர் விருப்பம் என்னவென்று அவர் வாயால் சொல்லவைத்துப் பதிய வேண்டும்.